வாய்வு என்று விட்டுவிடாதீர்கள்: பெண்களும் இதய நோயும்

இந்தக் கைநூலின் முன்பக்கங்களில் பாழடைந்த கிணற்றை இறைத்துச் சுத்தமாக்குவது பற்றியும், மிதிவெடி எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிப் போகாமல் இருப்பது பற்றியும், காணி உறுதி தொலைந்தவர்கள் யாரிடம் போவது என்பது பற்றியும் வாசித்திருப்பீர்கள். இந்தப் பாடம் வளவைப் பற்றியதல்ல. அந்த வளவைத் துப்புரவாக்கிக்கொண்டிருக்கும் அம்மாவைப் பற்றியது.

என் பெரியம்மாவின் கதையோடு தொடங்குகிறேன். வலிகாமம் வடக்கில் அவருடைய காணி விடுபட்ட பிறகு, ஒரு மார்கழி மாதம் பற்றை வெட்டப் போனோம். அவருக்கு அப்போது 54 வயது. வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணற்றுக்கட்டும்தான் மிச்சம். மூன்றாம் நாள் காலை, முதுகில் இரண்டு தோள்களுக்கும் நடுவே யாரோ கல்லை வைத்து அழுத்துவதுபோல் இருக்கிறது என்றார். தாடை உளைந்தது. ஓங்காளம் வந்தது. மார்கழிக் குளிரிலும் அவருடைய சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. "ஒண்டுமில்லை, வெறுவயித்தோட குனிஞ்சு நிண்டது. வாய்வு ஏறியிட்டுது" என்று அவரே சொன்னார். நாங்களும் ஒத்துக்கொண்டோம். உள்ளி சுட்டுக் கொடுத்தோம். முதுகில் சித்தாலேபை தேய்த்தோம். இஞ்சித் தேத்தண்ணி போட்டது நான்தான். பின்னேரம் எழுந்து எல்லோருக்கும் சோறு காய்ச்சினார்.

மறுநாள் மத்தியானம் படுத்தால் மூச்சு இழுக்கிறது என்றபோதுதான் ஓட்டோ பிடித்தோம். வைத்தியசாலையில் ஈசிஜி தாளைப் பார்த்த வைத்தியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நேற்று எத்தனை மணிக்குத் தொடங்கினது?" காலை எட்டு மணி என்றோம். அவர் எங்களைப் பேசவில்லை. பேசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெரியம்மா உயிரோடு இருக்கிறார். ஆனால் இதயத் தசையின் ஒரு பகுதி செத்துவிட்டது. இரண்டு வாளி தண்ணீர் அள்ளினால் குந்த வேண்டும். 27 வருடம் காத்திருந்து திரும்பிய வளவில் ஒரு பூசணிக் கொடிக்குக்கூட அவரால் தண்ணீர் ஊற்ற முடிவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்னர் பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, பத்து நிமிடத்தில் அவரை வாகனத்தில் ஏற்றியவர் இதே பெரியம்மாதான்.

ஏன் இப்போது, ஏன் நீங்கள்

மாரடைப்பு ஆம்பிளைகளின் வருத்தம் என்ற எண்ணம் எங்களிடம் ஆழமாக இருக்கிறது. பெண்களுக்குப் புற்றுநோய் வரும், கர்ப்பப்பையில் கட்டி வரும், நாரி நோ வரும் என்று நினைக்கிறோம். உண்மைக் கணக்கு வேறு. 2019இல் உலகம் முழுவதும் இறந்த பெண்களில் 35 சதவீதமானோர் இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தவர்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர். பெண்களைக் கொல்லும் நோய்களில் இதுவே முதலாவது.

மாதவிடாய் நிற்கும் வரை பெண்ணின் உடலில் சுரக்கும் ஈஸ்திரோஜன் என்ற ஓமோன் இரத்தக்குழாய்களுக்கு ஓரளவு காவலாக இருக்கிறது. அதனால் ஆண்களைவிடப் பெண்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக ஒன்பது வருடம் பிந்தி வருகிறது. பிந்தி வருவதை வராது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். மாதவிடாய் நின்ற பிறகு அந்தக் காவல் குறைந்துவிடுகிறது.

இப்போது திரும்பி வந்தவர்களின் வயதை எண்ணிப் பாருங்கள். 1990 ஆனியில் மயிலிட்டியையும் பலாலியையும் காங்கேசன்துறையையும் விட்டு இருபது வயதில் ஓடிய பெண் இன்று ஐம்பதைத் தாண்டியவர். அதே ஆண்டு ஐப்பசியில் சோனகதெருவிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் பிள்ளை பெற்று வளர்த்தவரும் அப்படித்தான். மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி நிலையக் கொட்டில்களில் கால் நூற்றாண்டு கழித்தவர்களும் அப்படித்தான். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஆடியில் விடுபட்டபோது அதைப் பார்க்க ஓடியவர்களில் பலர் பேரப்பிள்ளை கண்டவர்கள். இதயம் பலவீனமாகத் தொடங்கும் அதே வயதில்தான் இந்தப் பெண்கள் வாழ்க்கையிலேயே கடுமையான உடல்வேலைக்கு இறங்குகிறார்கள். பற்றை வெட்டுகிறார்கள், கல் சுமக்கிறார்கள், பெயர்ப் பட்டியலில் இடம்பிடிக்க வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள். குடும்பத் தலைவியாகத் தனித்து நிற்பவர்களுக்கு இந்தச் சுமை இரட்டிப்பு.

எங்கள் பிராந்தியத்துக்கு இன்னொரு கெட்ட செய்தியும் உண்டு. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் வைத்தியர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்று 2004இல் வெளியானது. இலங்கை, இந்தியா உட்பட்ட தென்னாசியாவில் முதல் மாரடைப்பு மற்ற நாடுகளைவிட ஏறக்குறைய ஆறு வருடம் முந்தி வருவதை அந்த ஆய்வின் தரவுகள் காட்டின. உயர் குருதி அமுக்கமும் சலரோகமும் ஆண்களின் இதயத்தைவிடப் பெண்களின் இதயத்தை அதிகம் தாக்குகின்றன என்பதும் அதிலிருந்து தெரிந்தது. ஆகவே உங்கள் கிளினிக் கொப்பியில் "பிறசர்" என்றோ "சலரோகம்" என்றோ எழுதியிருந்தால், அதைத் தனி வருத்தமாக நினைக்காதீர்கள். இதயத்துக்குப் போகும் பாதை அதுதான்.

எப்படித் தெரியும்

சினிமாவில் மாரடைப்பு வந்தவர் இடது நெஞ்சைப் பொத்திக்கொண்டு விழுவார். வாழ்க்கையில் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. ஆணோ பெண்ணோ, பெரும்பாலானோருக்கு நெஞ்சில்தான் ஏதோ ஒன்று தெரியும். அது குத்தாக இருக்கவேண்டும் என்பதில்லை. இறுக்கமாக, பாரமாக, எரிவாக, சொல்லத் தெரியாத அந்தரமாக இருக்கலாம். பெண்களுக்கு அதோடு சேர்ந்தோ, சிலவேளை அது இல்லாமலோ வேறு சிலவும் வரும். தாடை, கழுத்து, முதுகின் மேற்பகுதி, தோள்மூட்டு, இரு கைகளில் ஏதாவது ஒன்று உளையும். தொப்புளுக்கு மேலே வயிறு அமுக்கும். ஓங்காளமோ சத்தியோ வரும். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கும். குளிர்ந்த வேர்வை ஒழுகும். சிலருக்கு அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே, வழமையாகக் கூட்டும் முற்றத்தைப் பாதி கூட்டுவதற்குள் உட்கார வேண்டும்போல ஒரு பெருங்களைப்பு இருந்திருக்கும். நீண்டகாலச் சலரோகக்காரருக்கு நரம்புகள் மரத்திருப்பதால் நோவே தெரியாமலும் போகலாம். அவர்களுக்கு வேர்வையும் மூச்சுத் திணறலும் மட்டும்தான் அறிகுறி.

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் எங்கள் ஊரில் ஏற்கனவே ஒரு பெயர் இருக்கிறது. அதுதான் சிக்கல். முதுகு உளைந்தால் பிடிப்பு. வயிறு அமுக்கினால் வாய்வு அல்லது காஸ்ட்ரிக். மூச்சு வாங்கினால் தொய்வு. களைப்பென்றால் இரத்தம் காணாது. அந்தரமென்றால் யோசனை. பெயர் வைத்தவுடன் மருந்தும் வந்துவிடுகிறது: இஞ்சி, உள்ளி, ஓமத்திரவம், பனடோல் இரண்டு, போய்ப் படு. உண்மையில் வாய்வாகவே இருக்கவும் கூடும், பல தடவை அப்படித்தான் இருக்கும். ஆனால் அது வாய்வா இதயமா என்பதை ஏவறை வந்ததா வரவில்லையா என்பதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. நடுத்தர வயது தாண்டிய பெண்ணுக்கு, தாடைக்கும் தொப்புளுக்கும் இடையே புதிதாக ஒரு நோவோ இறுக்கமோ வந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆறாவிட்டால், அல்லது வேர்வையோ மூச்சுத் திணறலோ கூடவே வந்தால், ஈசிஜி எடுக்கும் வரைக்கும் அதற்குப் பெயர் வைக்காதீர்கள். நாற்பதுக்குக் குறைந்தவர் என்றாலும் சலரோகம், பிறசர் இருந்தால் இதே விதிதான்.

கவலையால் வந்தது என்று சொன்னால்

இதைத் தனியாக எழுதக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்து போரின் மனக்காயங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த தயா சோமசுந்தரம், எங்கள் மக்களின் துயரம் உடல் நோவாக வெளிப்படுவது பற்றி எழுதியிருக்கிறார். தலையிடி, உடல் உளைவு, நெஞ்சுப் படபடப்பு. பிள்ளையைத் தேடிக் காணாதவர், கணவனைப் புதைக்கவும் கிடைக்காதவர், தன் வீட்டு வாசற்படியை அடையாளம் காண முடியாமல் நின்றவர், இவர்களுக்கு நெஞ்சு அடைப்பது இயல்பு. அந்த நோவு பொய்யல்ல.

ஆனால் அந்த உண்மையே பெண்களுக்கு எதிராகவும் திரும்பிவிடுகிறது. "அவ யோசிச்சு யோசிச்சுத்தான் இப்பிடி" என்று வீட்டில் ஒருவர் சொன்னால் எல்லோரும் அமைதியாகிவிடுகிறார்கள். இது எங்களூர்க் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் பேர்னடீன் ஹீலி என்ற இதய வைத்தியர் 1991இல், பெண்களின் இதய நோயை ஆண்களின் நோயைப்போல் தீவிரமாக எடுத்துக்கொள்வதில்லை என்று தன் சக வைத்தியர்களையே சாடி எழுத வேண்டியிருந்தது.

கவலையும் இதய நோயும் இரண்டு வேறு கட்சிகள் என்ற நினைப்பே பிழை. நான் மேலே சொன்ன 52 நாட்டு ஆய்வில், மாரடைப்புக்கு வழிவகுக்கும் ஒன்பது காரணங்களில் நீண்டகால மன அழுத்தமும் ஒன்றாகக் கணக்கிடப்பட்டது. அதோடு, 1990இல் ஜப்பானிய வைத்தியர்கள் ஒரு விசித்திரமான இதயக் கோளாறை விவரித்தார்கள். திடீர்த் துக்கம் அல்லது அதிர்ச்சிக்குப் பிறகு இதயத்தின் ஒரு பகுதி சுருங்க மறந்து, ஊதிப்போய் நின்றுவிடுகிறது. படத்தில் அதன் வடிவம் அங்குள்ள மீனவர்கள் ஒக்டோபஸ் பிடிக்கும் சாடிபோல இருந்ததால் அந்தச் சாடியின் பெயரையே வைத்தார்கள்: தகோட்சுபோ. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் இது பெரும்பாலும் வருகிறது. நெஞ்சு நோவும் மூச்சுத் திணறலும் மாரடைப்பைப் போலவே இருக்கும். வைத்தியசாலையில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலானோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். வீட்டில் வைத்திருந்தால் ஆபத்து. ஆகவே கவலையால்தான் வந்தது என்று உறுதியாகத் தெரிந்தாலும், போகவேண்டிய இடம் வைத்தியசாலைதான்.

அந்த ஒரு மணித்தியாலம்

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி ஒன்றில் இரத்தக் கட்டி அடைத்துக்கொள்வதுதான் மாரடைப்பு. அடைத்து அரை மணித்தியாலமளவில் தசை சாகத் தொடங்கும். கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து இருக்கிறது. முதல் ஓரிரு மணித்தியாலங்களில் ஏற்றினால் அதிக பலன். நேரம் போகப் போகப் பலன் குறைந்து, பன்னிரண்டு மணித்தியாலம் தாண்டினால் பெரும்பாலும் கொடுப்பதில்லை. பெரியம்மா போனது இருபத்தெட்டாவது மணித்தியாலத்தில்.

அழைக்க வேண்டிய எண் 1990. சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018 ஆடியில் வடக்குக்கு வந்தது. காசு கேட்கமாட்டார்கள், தமிழில் பேசலாம். 1990 என்ற எண்ணை உங்களுக்கு மனப்பாடம் செய்துவைக்கத் தேவையில்லை. வலிகாமம் வடக்கு மக்களும் யாழ்ப்பாண முஸ்லிம்களும் வீட்டைவிட்டுப் போன வருடம் அது. இதைக் கூட்டங்களில் சொல்லும்போது சிரிப்பவர்களும் உண்டு, பேசாமல் இருப்பவர்களும் உண்டு. எண் மட்டும் யாருக்கும் மறப்பதில்லை.

அழைத்துவிட்டு, அவரைச் சுவரில் சாய்த்து, முழங்காலை மடக்கி இருத்துங்கள். நடக்க விடாதீர்கள். "வேர்த்திருக்கு, குளிச்சு உடுப்பு மாத்திக்கொண்டு வாறன்" என்று கட்டாயம் சொல்வார். என் அனுபவத்தில் எங்கள் பெண்கள் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். விடாதீர்கள். சாப்பாடு வேண்டாம். அஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தம் கசியும் புண்ணோ இல்லாதவர் என்றால் 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி விழுங்கக் கொடுப்பது உயிர்காக்கும் காரியம். 75 மில்லிகிராம் குளிசை என்றால் நான்கு. கொடுக்கலாமா என்று 1990இல் பேசுபவரிடமே கேளுங்கள். பனடோல் இதற்குப் பதிலாகாது.

அறிவு கெட்டு, மூச்சும் நின்றுவிட்டால் காத்திருக்க நேரமில்லை. நிலத்தில் மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடியை வைத்து, மற்றக் கையை அதன்மேல் கோத்து, நிமிடத்துக்கு நூறு தொடக்கம் நூற்றிருபது தடவை, இரண்டு அங்குல ஆழத்துக்கு அழுத்துங்கள். அம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாறி ஆள் அழுத்தலாம். வெளிநாடுகளில்கூட தெருவில் விழுந்த ஆணுக்கு இதைச் செய்பவர்கள் பெண்ணுக்குச் செய்யத் தயங்குகிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். அயல்வீட்டுத் தம்பிமாரே, அந்த நேரத்தில் வெட்கம் பார்க்காதீர்கள். அம்மாமாரே, அவர்கள் கை வைக்கும்போது தடுக்காதீர்கள்.

எங்கே போவது? தெல்லிப்பளை, பருத்தித்துறை (மந்திகை), சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் உங்களுக்குக் கிட்டியது எதுவோ அங்கே. அங்கிருந்து தேவையென்றால் யாழ் போதனா வைத்தியசாலையின் இதயப் பிரிவுக்கு அவர்களே அனுப்புவார்கள். சொந்த வாகனத்தில் நேரே பட்டினத்துக்கு ஓடி நேரத்தைத் தொலைக்க வேண்டாம். நெடுந்தீவுக்காரருக்கு நடுவில் கடல் இருக்கிறது. நோவு தொடங்கியவுடன் தீவிலுள்ள வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். குறிகட்டுவானுக்குக் கொண்டுபோவதை அவர்கள் ஒழுங்கு செய்வார்கள். விடிந்ததும் முதல் படகில் போகலாம் என்று இருக்காதீர்கள்.

வெளிநோயாளர் பிரிவில் பெரும்பாலான பெண்கள் "களைப்பாக் கிடக்கு ஐயா" என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் உட்காருகிறார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். வாசலில் நிற்கும் தாதியிடம் நேரே சொல்லுங்கள்: "நெஞ்சு இறுக்கமா இருக்கு, ஏழு மணிக்குத் தொடங்கினது, வேர்க்குது, எனக்குச் சலரோகமும் இருக்கு, ஈசிஜி எடுக்க வேணும்." என்ன, எப்போது, வேறென்ன வருத்தம். இந்த மூன்றையும் கேட்டால் யாரும் உங்களை வரிசையில் விடமாட்டார்கள். கூட வந்தவர் சொன்னாலும் சரி.

முதல் ஈசிஜி சரியாக இருந்தால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைக்கிறோம். அது தவறு. சில மாரடைப்புகள் முதல் தாளில் தெரியாது. தசை சேதமானால் இரத்தத்தில் கலக்கும் ட்ரொபோனின் என்ற பொருளைச் சில மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும். அதற்குத்தான் மறித்து வைக்கிறார்கள். "பிள்ளையளை ஆர் பாக்கிறது, மாட்டை ஆர் அவிட்டுக் கட்டுறது" என்று கையெழுத்து வைத்துவிட்டு வந்த பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். ஒருவர் அடுத்த கிழமை திரும்பவும் அங்கே போனார், இம்முறை தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளுக்கும் மாட்டுக்கும் ஒரு இரவுக்கு அயலைக் கேளுங்கள். முகாமில் இருந்தபோது ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்தோம். வேலி போட்ட பிறகு அது நிற்க வேண்டுமென்று இல்லை.

இடம் மாறினால் குளிசை நிற்கக் கூடாது

இடம்பெயர்ந்த வாழ்க்கையில் ஒரு கிளினிக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மருந்து அறுந்துவிடுவது வழக்கம். புத்தளத்திலோ வவுனியாவிலோ கொப்பி வைத்திருப்பவர்கள், வரும்முன் அங்கேயே ஒரு மாற்றுக் கடிதம் கேட்டு வாங்குங்கள். வந்துவிட்டவர்கள் பழைய கொப்பியோடு கிட்டிய வைத்தியசாலைக்குப் போனால் போதும், புதிதாகப் பதிவார்கள். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வருபவர்களுக்கு ஒன்று: அங்கே பெட்டியில் இருக்கும் வியாபாரப் பெயர் இங்கே இல்லாமல் போகலாம். முடிந்த குளிசை அட்டையை எறியாதீர்கள். அதில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பார்த்தால் மருந்தாளருக்கு விளங்கும். பிறசர் குளிசையை "இப்ப சுகம்" என்று நிறுத்துகிறவர்கள் கவனிக்க: சுகமாக இருப்பதே குளிசையால்தான்.

இளம் பெண்களுக்கும் இதில் பங்குண்டு. நெருக்கமான கொட்டில்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தொண்டை நோவைத் தொடர்ந்து மூட்டுவாதக் காய்ச்சல் வந்து இதய வால்வுகளைப் பழுதாக்குவது உண்டு. சிறுவயதில் மாதாமாதம் பெனிசிலின் ஊசி போட்டு, ஓடிய ஓட்டத்தில் விட்டவர் யாராவது வீட்டில் இருந்தால், கலியாணத்துக்கு முன், குறைந்தது கர்ப்பம் தரிக்க முன், இதய வைத்தியரைக் காண வேண்டும். வால்வு சுருங்கிய இதயம் கர்ப்பத்தின் பாரத்தைத் தாங்காமல் போகலாம். கர்ப்பத்தில் பிறசரோ சீனியோ ஏறி, பிள்ளை பிறந்ததும் குறைந்துவிட்டவர்களும் அதை மறக்கக் கூடாது. அப்படி இருந்தவர்களுக்கு வயதான பின் இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம். கிளினிக்கில் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

அடுப்படியில்

சாப்பாட்டைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. நிவாரணத்தில் வரும் அரிசியும் மாவும் சீனியும்தான் வீட்டில் இருக்கும்போது, ஒலிவ் எண்ணெய் நல்லது என்று எழுதுவது கேலியாகிவிடும். உப்பைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு எல்லாமாக ஒரு தேக்கரண்டிதான் அளவு. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் நான்கும் ஒரே கோப்பையில் இருந்தால் மத்தியானத்திலேயே அது முடிந்துவிடும். கருவாட்டை ஊறவைத்துக் கழுவிச் சமைக்கலாம். சொதிக்கு முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் வைக்கலாம். குரக்கன் புட்டும் முருங்கை இலையும் வல்லாரையும் எங்கள் வேலியிலும் வயலிலும் இருந்தவைதான். முருங்கைக் கதியால் ஒன்றை இப்போதே ஊன்றிவிடுங்கள். தேத்தண்ணிக்குச் சீனி எத்தனை கரண்டி என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள், அவ்வளவு போதும்.

வெற்றிலையோடு புகையிலை போடும் அம்மம்மாமாருக்கு இது கசக்கும். யாழ்ப்பாணப் புகையிலை எங்கள் பல குடும்பங்களைப் படிப்பித்து ஆளாக்கியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மெல்லும் புகையிலையும் மாரடைப்பின் வாய்ப்பை இரண்டு மடங்காக்குகிறது என்று அந்த 52 நாட்டு ஆய்வு கண்டது. வெற்றிலை பாக்கோடு நிறுத்தினாலும் ஒரு படி நல்லது, முற்றாக விடுவது எல்லாவற்றிலும் நல்லது. விறகடுப்புப் புகையும், வீட்டுக்குள் ஆண்கள் விடும் சிகரெட் புகையும் உங்கள் நாடிகளுக்குள்ளும் போகின்றன. தற்காலிகக் கொட்டகை போடும்போதே அடுப்படிக்கு இரண்டு பக்கம் திறப்பு விடச் சொல்லுங்கள். புகைக்கிற ஆளை வெளியே மாமரத்தடிக்கு அனுப்புங்கள்.

எங்கே பார்க்கலாம்

35 வயதாகிவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகலாம். 1996 முதல் நாட்டில் நடக்கும் சேவை இது. குருதி அமுக்கம், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். பல பெண்கள் கர்ப்பப்பைப் பரிசோதனை என்ற பேச்சைக் கேட்டுக் கூச்சத்தில் போவதில்லை. அதனால் பிறசரும் பார்க்கப்படாமல் போகிறது. அது வேண்டாம் என்றால் சொல்லலாம். மற்றவற்றைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். எந்தக் கிழமை, எந்த நிலையத்தில் என்பது உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும். புதிதாகக் குடியேறிய வீடு அவருடைய பதிவில் இல்லாமல் இருக்கலாம். கிராம அலுவலரிடம் பதியப் போகும் அதே நாளில் அவரிடமும் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. இந்தக் கைநூலின் பின்னட்டைக்கு உட்பக்கம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அதைக் கிழித்து, பெரிய எழுத்தில் 1990 என்று எழுதுங்கள். அதன் கீழே கிட்டிய வைத்தியசாலையின் பெயர், இரவில் தட்டினால் எழும்பும் ஓட்டோக்காரரின் எண், வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவரும் போடும் குளிசைகள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது. வீட்டுக்கு வரும் வழியையும் ஒரு வரியில் எழுதுங்கள். விடுபட்ட காணிகளில் பல வீதிகளுக்கு இன்னும் பெயர்ப்பலகை இல்லை, அம்புலன்ஸ்காரருக்குக் கோயிலோ பள்ளிவாசலோ ஆலமரமோதான் அடையாளம். பெரியம்மா தன்னுடையதை அரிசிப் பேணிக்கு மேலே, சுவரில் ஒட்டியிருக்கிறார். அதில் வழி இப்படி இருக்கிறது: "பிள்ளையார் கோவிலடியால் திரும்பி, கூரையில்லாத வாசிகசாலைக்கு மூன்றாவது வளவு, கிணத்தடியில் லைட் எரியும்."